நடுவயதில் ஏடிஎச்டி என்று அறிந்த பெண்களுக்கான எழுத்துப் பயிலரங்கு: ஒரு மதிப்பீடு

நாற்பது வயதைக் கடந்தபின் ஏடிஎச்டி (சிறுவயதிலேயே தொடங்கும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) என்று கண்டறியப்பட்ட பெண்களுக்கென்றே நடத்தப்படும் இணையவழி எழுத்துப் பயிலரங்கு ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். சனிக்கிழமை மாலைகளில் ஜூம் வழியாக ஒன்றரை மணி நேரம், ஆறு வாரங்கள், கட்டணம் 4,500 ரூபாய். குறைகளையும் எழுதப்போவதால் நடத்துபவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே பாணி வகுப்பு எதில் சேர நினைப்பவர்களுக்கும், எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டலாம் என்பதற்கு இந்த மதிப்பீடு உதவக்கூடும்.

வகுப்பின் முதுகெலும்பு மிக எளிமையானது. வழிநடத்துபவர் ஒரு தலைப்பைச் சொல்கிறார். எல்லோரும் ஒலியை அணைத்துவிட்டு, கேமராவை மட்டும் திறந்து வைத்து, பதினைந்து நிமிடம் கையால் எழுதுகிறோம். ஒற்றுப்பிழை, வாக்கிய அமைப்பு எதையும் பொருட்படுத்த வேண்டியதில்லை. எழுதியதை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்தப் பதினைந்து நிமிடக் கணக்கு அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவருடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. கல்லூரி மாணவர்கள் தங்களை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதனால் மனத்தில் எழுந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் உடல்நலக் குறைவுக்காக மருத்துவரிடம் சென்றது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுடைய மனநிலை சற்று மோசமாகவே இருந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். பயிலரங்கின் விளம்பரத்தில் முதல் பாதி மட்டும் இருக்கிறது. இரண்டாம் பாதி இல்லை. இத்தகைய எழுத்து குறித்த 146 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான பகுப்பாய்வு, பலன் உண்டு, ஆனால் சிறியது என்றே காட்டியது. ‘வாழ்க்கையே மாறும்’ என்று விளம்பரம் செய்பவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அப்படியிருந்தும் மூன்றாம் வாரப் பயிற்சிக்காக மட்டுமே இந்தப் பயிலரங்கைப் பாராட்டுவேன். சிறுவயதில் ஓர் ஆசிரியரோ உறவினரோ நம்மைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்தைத் தாளின் மேலே எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே, அந்த நாளில் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும், நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், எழுத வேண்டும். என் தாளின் மேலே இருந்தது ஆறாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் சிவப்பு மையில் எழுதப்பட்ட ‘புத்திசாலி, ஆனால் கவனம் போதாது’ என்ற வரி. கீழே எழுத எழுத, மூன்றாவது முறையாகத் தொலைந்துபோன ஜாமெட்ரி பாக்ஸ், கடகடவென்று சத்தமிட்ட மின்விசிறி, ஆசிரியை பெயர் சொல்லி அழைத்ததை நான் கேட்காமலே போனது, பக்கத்துப் பெஞ்சுப் பெண் இடித்ததும் எழுந்து நின்று எந்தக் கேள்விக்கென்று தெரியாமலே ஒரு பதில் சொன்னது என்று ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்தை முடித்தபோது அதில் சோம்பேறியான சிறுமி எவளும் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தும் பாடத்தைப் பிடிக்க முடியாமல் திணறிய ஒருத்திதான் இருந்தாள்.

இந்தப் பயிற்சி வேலை செய்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுதத் தொடங்கும்போது இல்லாத காரண காரியத் தொடர்பு நாட்கள் செல்லச் செல்ல யாருடைய எழுத்தில் கூடுகிறதோ, அவர்களுக்கே எழுத்தால் அதிகப் பலன் கிடைக்கிறது என்று பென்னபேக்கரின் பிற்கால ஆய்வுகள் கண்டன. நடுவயதில் ஏடிஎச்டி என்று அறியும் பெண்ணுக்கு அதுவரை இல்லாதிருந்தது அந்தக் காரணம்தான். பாதியில் நின்ற படிப்பு, கடைசித் தேதி தாண்டிக் கட்டிய கரண்ட் பில், அடுப்பில் வைத்து மறந்த பால், விசேஷ வீட்டுக்குத் தாமதமாகப் போய் வாங்கிய பேச்சு, இவை எல்லாவற்றுக்கும் ‘நமக்குப் பொறுப்பு இல்லை’ என்ற ஒரே விளக்கத்தை வைத்துக்கொண்டுதான் அவள் முப்பது ஆண்டுகளைக் கழித்திருப்பாள். மருத்துவர் சொல்லும் பெயர் ஒரு நொடியில் காதில் விழுந்துவிடுகிறது. அந்த முப்பது ஆண்டுகளையும் அந்தப் பெயரோடு பொருத்திப் பார்ப்பதற்கு நாளாகிறது. எழுத்து உதவுவது இந்த இடத்தில்தான்.

இவ்வளவு தாமதமாக ஏன் தெரியவருகிறது என்பதை வழிநடத்துபவர் முதல் வகுப்பிலேயே தெளிவாக விளக்கினார். ஓடியாடித் தொல்லை தரும் பையன்கள் ஆசிரியர் கண்ணில் படுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பெண் படுவதில்லை. பின்னாளில் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை கிடைக்கும், அடியில் இருப்பது தெரியாது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும்போது, அதோடு தொடர்புடைய, கவனத்துக்கு உதவும் மூளை வேதிப்பொருளான டோபமைனின் செயல்பாடும் தடுமாறுவதால், அதுவரை பட்டியல் போட்டும் அலாரம் வைத்தும் சமாளித்து வந்தவர்களுக்குக்கூட எல்லாம் கைமீறிப் போகலாம். அறிகுறிகள் ஏழு வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்றிருந்த விதியை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் பன்னிரண்டு வயது என்று தளர்த்தியது. எப்படியும் மருத்துவர் சிறுவயதைப் பற்றிக் கேட்பார். என் மூன்றாம் வாரப் பக்கங்கள் அடுத்த ஆலோசனையில் பயன்பட்டன. இது பயிலரங்கு நடத்துபவர்களே எதிர்பார்க்காத பலன்.

இனி குறைகள். வகுப்பு நேரத்தில், பத்துப் பன்னிரண்டு பெண்கள் திரையில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடியே நாமும் எழுதிவிடுகிறோம். ஏடிஎச்டி உள்ளவர்களிடையே ‘பாடி டபுளிங்’ என்று வழங்கும் உத்தி இது, நன்றாகவே கைகொடுத்தது. ஆனால் வாரம் முழுவதும் தனியாக எழுத வேண்டிய வீட்டுப்பாடத்தைத் தடிமனான ஒரு பி.டி.எஃப். கோப்பாக அனுப்புகிறார்கள். தொடங்குவதுதான் எங்களுக்கு மலை என்று முதல் வகுப்பில் சொன்னவரே, அந்த மலையின் அடிவாரத்தில் எங்களை நிறுத்திவிட்டுப் போகிறார். வாட்ஸ்அப் குழுவோ இதற்கும் மேல்: காலை வணக்கப் படங்களுக்கும் ஆறுதல் வார்த்தைகளுக்கும் நடுவே அந்த வாரத் தலைப்பைத் தேடுவதற்குள், எதற்காகக் கைப்பேசியை எடுத்தோம் என்பது மறந்துவிடுகிறது. வாரத்தின் நடுவே அரைமணி நேரம் சேர்ந்து எழுதும் அமர்வு ஒன்று வைத்தால் இரண்டு தொல்லையும் தீரும்.

நோட்டுப்புத்தகத்தை எங்கே வைப்பது என்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததும் குறைதான். மாமியார், கணவர், வளர்ந்த பிள்ளைகள் என்று நான்கு பேர் புழங்கும் வீட்டில் பெண்ணுக்கென்று பூட்டிய மேசை இருப்பது அரிது. ஐந்தாம் வாரம் ஒருவர் இதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாம், எழுதும்போது நடப்பதுதான் முக்கியம் என்று வழிநடத்துபவர் சொன்னார். முதல் நாளே சொல்லியிருந்தால் பலர் இன்னும் மனம் திறந்து எழுதியிருப்பார்கள்.

கடைசி வகுப்பில், எழுத்து வசப்பட்டால் மருந்தின் தேவை குறையும் என்ற பொருளில் ஒரு பேச்சு வந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. மெத்தில்பெனிடேட், அடோமாக்ஸெடின் போன்ற ஏடிஎச்டி மருந்துகளைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மனநல மருத்துவரின் பொறுப்பு. தமிழில் எழுதக் கற்றுத்தருபவரின் வேலை அது இல்லை. கவனத்தையும் நேர மேலாண்மையையும் எழுத்து சரிசெய்யாது. அது தொடுவது, இத்தனை காலம் சேர்ந்துபோன வெட்கத்தை.

ஆகவே, ஏற்கெனவே மருத்துவரைப் பார்த்து, சிகிச்சை ஓரளவு நிலைகொண்டவர்கள் இதில் சேரலாம். கொடுத்த பணம் வீண் போகாது. இன்னும் பரிசோதனைக்கே போகாதவர்கள் அந்தப் பணத்தை முதலில் மருத்துவருக்குச் செலவிடட்டும். துயரமான இழப்பிலோ வன்முறையிலோ இருந்து அண்மையில் மீண்டவர்கள், தனியாக எழுதும் வீட்டுப்பாடத்தைத் தவிர்த்துவிடுவது நல்லது. எழுதிய பின் பாரம் இறங்காமல் நாட்கணக்கில் நீடித்தால் எழுத்தை நிறுத்திவிட்டு, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை. பயிலரங்கின் பி.டி.எஃப். கோப்பில் இந்த எண் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது; அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரும்படி கருத்துப் படிவத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.