68,000 ரூபாய் போச்சு: "1989 ஒரிஜினல்" ஷூ வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

ஆத்திரம் இன்னும் அடங்கலை. 68,000 ரூபாய். பழைய ஸ்னீக்கர் சேர்க்கிற நம்ம மதுரைப் பசங்க யாராவது இதே ஆளுங்ககிட்ட மாட்டுறதுக்குள்ள இது அவங்க கண்ணுல படணும்.

ஷூ எதுன்னு முதல்ல சொல்லிடுறேன். ஏர் ஜோர்டன் 4, கறுப்பு சிவப்பு ஜோடி. பிளாக், ரெட் ரெண்டு வார்த்தையையும் ஒட்டி, சேர்க்கிறவங்க 'பிரெட்'னு சொல்லுவோம். 1989 மே 7 அன்னிக்கு அமெரிக்கக் கூடைப்பந்துல கிளீவ்லாந்து அணிக்கு எதிரா கடைசி நொடியில பந்தைப் போட்டு மைக்கேல் ஜோர்டன் தொடரையே முடிச்சாரே, அப்ப அவர் கால்ல இருந்தது இதுதான். நைக்கி கம்பெனி இதை 1999, 2012, 2019னு மறுபடியும் வெளியிட்டிருக்கு. ஆனா 1989-ல வந்த முதல் ஜோடிக்கு இருக்கிற மரியாதை வேற. போட்டு நடக்க முடியாது, அலமாரியில வச்சுப் பார்க்கத்தான். எனக்கு அது போதும். அதுக்காகவே சேர்த்து வச்ச காசு இது.

வித்தது பழைய ஷூ, வாட்ச், பை எல்லாம் விக்கிற ஒரு இணையத் தளம். "நிபுணர்கள் சோதிச்ச பிறகுதான் அனுப்புவோம்"னு முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. பேரை இங்க எழுதலை, வழக்குப் போடப் போறேன்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி வீடியோ காலில் காட்டச் சொன்னேன். ஒரு பையன் வந்தான். "அண்ணே, நீங்க மதுரையா? எங்கம்மாவுக்கு திருமங்கலம்ணே"ன்னு ஆரம்பிச்சான். ஷூவோட பின்பக்கத்தைக் காட்டி, "நைக்கி ஏர்னு எழுத்து இருக்கு பாருங்கண்ணே, 2012 ஜோடியில இந்த இடத்துல தாவுற ஆள் படம்தான் இருக்கும்"னான். அது உண்மைதான். அதே எழுத்து 1999 ஜோடியிலயும் 2019 ஜோடியிலயும் உண்டுங்கிறதை மட்டும் விட்டுட்டான். சோலைக் கிட்டத்துல காட்டினான். மஞ்சளேறி, கீறல் விழுந்து, பார்க்க அசலா இருந்துச்சு. அமுக்கிக் காட்டுன்னேன். "வேணாம்ணே, உதிர்ந்துரும். தொடாமக் காட்டுறேன், உங்க பொருள்ல எனக்கு எதுக்குண்ணே பாவம்?"

இந்த இடத்துலதான் முழுசா நம்பினேன். ஏன்னா அந்தக் கால நடு சோல் பாலியூரித்தேன். காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி, கால்ல போட்டாலும் போடாட்டியும், உள்ளுக்குள்ளயே சிதைஞ்சு பொடியாயிடும். அது தெரிஞ்சவன்தான் தொட பயப்படுவான். எவ்வளவு யோசிச்சு வச்சிருக்காய்ங்க பாருங்க! உடனே யுபிஐ-யில 68,000 ரூபாய் அனுப்பினேன்.

பார்சல் வந்துச்சு. ரெண்டு ஷூவையும் சேர்த்து, லேஸ் ஓட்டை வழியா ஒரு பிளாஸ்டிக் டேக்கால பூட்டியிருந்தாங்க. 'சோதிக்கப்பட்டது'ன்னு முத்திரை வேற. அதை அறுக்காம, லேஸுக்கு அடியில இருக்கிற டங்கைத் தூக்கி உள்ளே பார்க்கவே முடியாது. அறுத்தேன். திறந்ததும் புதுப் பசை வாடை. சோலைக் கட்டைவிரலால அமுக்கினா உள்ள போய் அப்படியே எழும்பி வருது. முப்பத்தஞ்சு வருஷத்துச் சோல் இப்படி எழும்பவே எழும்பாது. பஞ்சை நனைச்சுத் துடைச்சேன், அந்த மஞ்சள் எல்லாம் பஞ்சோட வந்துருச்சு. உள்பக்க லேபிளைச் சுரண்டி விட்டிருந்தாங்க. போன் டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சா எண் தெரியுது: 308497-060. அது 2019-ல வந்த ஜோடியோட எண்.

செல்லூர்ல எனக்குத் தெரிஞ்ச செருப்புத் தைக்கிற அண்ணன்கிட்ட கொண்டு போய்க் காட்டினேன். அவருக்கு ஜோர்டனும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. சோலை ஒரு திருப்புத் திருப்பினார். "இது பழசு இல்ல தம்பி. உப்புத்தாள் போட்டுத் தேச்சிருக்காய்ங்க. கோடு பூரா ஒரே பக்கமா ஓடுது பாரு. நடந்து தேஞ்சா இப்படியா இருக்கும்?" அந்தத் தளத்தோட நிபுணர்களுக்கு இது தெரியலையாம்.

2019-ல வந்த நிஜ ஜோடியைத் தேய்ச்சாங்களா, இல்ல அதோட காப்பியைத் தேய்ச்சாங்களா, எனக்குக் கவலையில்லை. 68,000 ரூபாய்க்கு 1989னு சொல்லி வித்தது 1989 இல்லை. அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததுதான் வயித்தெரிச்சல். சாட்ல கேட்டா "உங்கள் கோரிக்கை முக்கியமானது"ன்னு மெஷின் பதில். போன்ல ஒரு அம்மா, "சீனியர் டீமுக்கு அனுப்பிருக்கோம் சார்." அடுத்து ஒருத்தர், "டேக்கை அறுத்துட்டீங்களே சார், பாலிசிப்படி ரிட்டர்ன் கிடையாது." அறுக்காம எப்படிப் பார்க்கிறதுன்னு கேட்டேன். "எங்க சைடுல சோதிச்சாச்சு சார், நீங்க பார்க்கத் தேவையில்லை." சோதிச்சவர் யார், அறிக்கை எங்கேன்னா பதிலே இல்லை. திருமங்கலத்துக்காரன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். கடைசியா மனசிரங்கி 5,000 ரூபாய்க்கு கூப்பன் தர்றாங்களாம், அதுவும் அவங்ககிட்டயே அடுத்து வாங்குறதுக்கு! 2020 இ-காமர்ஸ் விதிப்படி குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். இவங்க தளத்துல அப்படி ஒரு அதிகாரி பேரே கிடையாது.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு படத்தோட விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்ப இருக்கிற நிலைமையில முடியலை. அவசரத்துக்கு இதை மட்டும் வச்சுக்கோங்க.

உள் லேபிள் தெளிவாத் தெரியாம பணம் கட்டாதீங்க. "அழிஞ்சு போச்சு"ன்னா விட்டுடுங்க. வீடியோவுல சோலை அமுக்கச் சொல்லுங்க, உதிர்ந்தா உதிரட்டும், மாட்டேன்னா வேண்டாம். பார்சல் பிரிக்கிறதை வெட்டாம ஒரே வீடியோவா எடுங்க, டேக்கை அறுக்கிறது உட்பட. ஏமாந்தது தெரிஞ்ச நிமிஷமே இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்க, நுகர்வோர் புகாருக்கு 1915. நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் சரி. பொருளோட விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது.

இன்னொண்ணு. எனக்குக் காட்டின அதே படங்கள், இடது ஷூ பின்பக்க ஓரத்துல சின்னதா உடைஞ்ச அடையாளத்தோட, இன்னிக்குக் காலையில அதே தளத்துல மறுபடி ஏறியிருக்கு. விலை 72,000. யாராவது பேசிட்டிருந்தா பணம் அனுப்பாதீங்க, முதல்ல எனக்கு மெசேஜ் பண்ணுங்க.