பீகிள்போன் பிளாக்கில் ஈஎம்எம்சி: பல வருடம் ஓட்டிய அனுபவம்

பீகிள்போன் பிளாக் என்ற உள்ளங்கை அளவு கணினி போர்டை இன்றும் நான் விடாமல் வைத்திருப்பதற்கு முக்கியக் காரணம், அதிலேயே சாலிடர் செய்து வரும் ஈஎம்எம்சி என்ற ஃப்ளாஷ் சேமிப்புச் சிப். 2013ல் இந்த போர்டு வெளிவந்தபோது 2 ஜிபி இருந்தது. அடுத்த வருடம் வந்த ரெவ் சி என்ற திருத்தப் பதிப்பில் அதை 4 ஜிபி ஆக்கி, ஆங்ஸ்ட்ரம் லினக்ஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸைப் போட்டுத் தந்தார்கள். என்னிடம் இருப்பது ரெவ் சி. தென்னந்தோப்பில் கிணற்று நீர்மட்டத்தையும் மோட்டார் ஓடும் நேரத்தையும் பதிவு செய்கிறது. அங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் திடீரென்று மின்சாரம் நின்றாலும் மறுபடி ஒழுங்காக எழுந்து வர வேண்டும் என்பதுதான் எனக்கு முதல் தேவை.

ஈஎம்எம்சியில் டெபியனை ஏற்றுவது சுலபம். டெபியன் முழுவதும் அடங்கிய படிமக் கோப்பை மைக்ரோஎஸ்டி கார்டில் எழுதி, அந்தக் கார்டிலிருந்து போர்டை எழுப்ப வேண்டும். பிறகு பூட் கோப்புறையில் இருக்கும் யூஎன்வி கோப்பைத் திறந்தால், கடைசிப் பக்கமாக ஃப்ளாஷர் என்ற சொல்லோடு ஒரு வரி இருக்கும். அதன் முன்னால் உள்ள ஹேஷ் குறியை எடுத்துவிட்டு ரீபூட் செய்தால், நான்கு நீல எல்இடிகளும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓட ஆரம்பிக்கும். ஓட்டம் முடிந்ததும் கார்டைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் விட்டால் அடுத்த முறை எழும்போது மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்துவிடும். ஃப்ளாஷ் செய்யும் நேரத்தில் யூஎஸ்பி கேபிளை நம்ப வேண்டாம். 5 வோல்ட், குறைந்தது 1 ஆம்பியர் தரும் அடாப்டரை மாட்டுங்கள்.

பலர் திணறுவது எஸ்2 பட்டனில்தான். மைக்ரோஎஸ்டி செருகும் இடத்துக்கு மேலே இருக்கும் சின்ன பட்டன் அது; ஈஎம்எம்சியை விட்டுக் கார்டிலிருந்து எழச் சொல்வது அதன் வேலை. அதை அழுத்தியிருக்கிறோமா இல்லையா என்பதை பிராசஸர் மின்சாரம் வரும் அந்தக் கணத்தில் மட்டுமே பார்க்கும். ரீசெட் பட்டனை எத்தனை தடவை தட்டினாலும் பழைய முடிவே நிற்கும். அடாப்டரைக் கழற்றி, எஸ்2-வை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுபடி மாட்ட வேண்டும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டனை அழுத்தாமல் கார்டை மட்டும் போட்டால், ஈஎம்எம்சியில் இருக்கும் பழைய யூ-பூட் என்ற துவக்க நிரல் முதலில் எழுந்து, கார்டில் இருக்கும் புதிய கர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, ஏற்றப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் போர்டு பாதியில் நிற்கும், காரணமும் பிடிபடாது. ஈஎம்எம்சியின் முதல் 10 எம்பியை, வட்டில் நேரடியாக எழுதும் டிடி கட்டளையால் பூஜ்யமாக்கிவிட்டால் இந்தக் குழப்பமே வராது. ஆனால் எது கார்டு, எது ஈஎம்எம்சி என்று பார்த்துவிட்டு டிடியைத் தொடுங்கள். பெயரோடு பூட்0, பூட்1 என்று இரண்டு சின்னப் பகுதிகள் சேர்ந்து தெரிவதுதான் ஈஎம்எம்சி. கார்டுக்கு அவை இருக்காது.

சரி, ஏற்றியாயிற்று. வருடக்கணக்கில் உழைக்க வைப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. சென்சாரிலிருந்து வரும் ஒரு வரி ஐம்பது பைட்கூட இருக்காது. ஆனால் ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் வட்டில் எழுதச் சொன்னால், ஃப்ளாஷ் ஒரு தடவையில் எழுதும் அளவான ஒரு முழுப் பக்கம், அதோடு கோப்பு முறைமையின் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவு), மெட்டாடேட்டா (கோப்பின் விவரங்கள்) என்று பல மடங்கு எழுத்து ஃப்ளாஷில் விழும். ஃப்ளாஷில் ஒரு பக்கத்தை மட்டும் அழித்து எழுத முடியாது. அழிப்பது எப்போதும் ஒரு பெரிய பிளாக் முழுவதையும்தான். எம்எல்சி வகைச் சிப் ஒரு பிளாக்கைச் சில ஆயிரம் முறைதான் தாங்கும். உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் தேய்மானத்தைச் சமமாகப் பரப்பிப் பார்த்துக்கொள்ளும் என்றாலும், தேவையில்லாத எழுத்தை நாம்தான் குறைக்க வேண்டும்.

கரண்ட் போவது இதைவிடப் பெரிய ஆபத்து. எம்எல்சியில் ஒரே செல்லில் இரண்டு பிட் இருக்கும். அவை வெவ்வேறு பக்கங்களைச் சேர்ந்தவை. இரண்டாவது பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், எப்போதோ பத்திரமாக எழுதி முடித்த முதல் பக்கமும் கெடலாம். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் ஜர்னல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

அதனால் என் ஏற்பாடு இப்படி: இயங்குதளம் முழுவதும் ஈஎம்எம்சியில், படிக்க மட்டும் என்ற நிலையில். சிஸ்டம் பதிவுகள் எல்லாம் ரேமில். சென்சார் அளவுகளும் முதலில் ரேமில் சேர்ந்து, மணிக்கு ஒரு முறை மொத்தமாக மைக்ரோஎஸ்டி கார்டுக்குப் போகும். கார்டு செத்தால் வேறு கார்டு மாட்டிக்கொள்ளலாம். போர்டில் ஒட்டியிருக்கும் சிப்பை அப்படி மாற்ற முடியாது. கரண்ட் போனால் அதிகபட்சம் ஒரு மணி நேர அளவுகள் போகும். கிணற்று நீர்மட்டத்துக்கு அது பெரிய நஷ்டமில்லை. இந்த ஏற்பாட்டுக்கு மாறியதிலிருந்து எத்தனையோ மின்வெட்டு வந்து போய்விட்டது, போர்டு எழாமல் நின்றதில்லை. கடையில் வாங்கும் எந்தக் கார்டையும் எஃப்3 என்ற நிரலால் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்த பிறகே தோப்புக்கு அனுப்புகிறேன். 32 ஜிபி என்று அச்சிட்டு, உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாத போலிகள் சந்தையில் நிறைய.

சிப்பின் உடல்நிலையை எம்எம்சி-யூட்டில்ஸ் என்ற நிரல் காட்டும். ஈஎம்எம்சி 5.0 தரத்திலிருந்து ஆயுள் மதிப்பீடு பத்துப் பத்துச் சதவீதப் படிகளில் வரும்; 1 என்றால் பத்துச் சதவீதத்துக்குள்தான் தேய்ந்திருக்கிறது. பழைய தரச் சிப் இருக்கும் போர்டில் இந்த எண் கிடைக்காது.

குறைகளும் உண்டு. 4 ஜிபி இன்றைய டெபியனுக்கு இறுக்கம்தான். டெஸ்க்டாப் வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். போர்டின் ஓரத்தில் இருக்கும் பி8 என்ற பின் வரிசையில் பத்து பின்களை ஈஎம்எம்சி எடுத்துக்கொள்கிறது, அவற்றில் ரிலே, சென்சார் எதையும் இணைக்க முடியாது. எல்லாம் அமைத்து முடித்ததும் ஈஎம்எம்சி முழுவதையும் ஒரு படிமமாக எடுத்து வேறொரு கார்டில் எழுதி, போர்டு இருக்கும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். சிப் என்றைக்காவது கைவிட்டாலும், எஸ்2-வை அழுத்தி அந்தக் கார்டிலிருந்தே போர்டை ஓட்டிக்கொள்ளலாம்.