மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் ஹைப்ரிட் கார்: காணாமல் போன மைலேஜைத் தேடிய கதை

என்னுடைய ஹைப்ரிட் செடான் மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கிக்கொண்டிருக்கிறது. புதிதாக வாங்கியது, கை மாறாதது, சர்வீஸ் தவறாதது. பெட்ரோல் எஞ்சின், இரண்டு மின் மோட்டார், பின் இருக்கைக்குப் பின்னால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் வகை இல்லை. நல்ல காலத்தில் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் சாதாரணமாகக் கொடுத்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து 17.5-க்கு வந்து நின்றது. இத்தனைக்கும் டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை. இழுவையில் குறை இல்லை, சத்தம் இல்லை. பெட்ரோல் மட்டும் கூடுதலாகக் குடித்தது.

விளக்கு எரியாததுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். சாதாரண காரில் ஏதாவது பலவீனமானால் ஓட்டுகிறவருக்கே பெரும்பாலும் தெரிந்துவிடும். வண்டி திணறும், உதறும், ஸ்டார்ட் ஆகத் தயங்கும். ஹைப்ரிட்டில் எஞ்சின் எப்போது ஓட வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று கணினி முடிவு செய்கிறது. பேட்டரி தளர்ந்தாலும் சரி, எஞ்சின் சூடேறாவிட்டாலும் சரி, பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தாலும் சரி, கணினி எஞ்சினை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டி அந்தக் குறையை மூடிவிடும். அளவு ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கோளாறுக் குறியீடு பதிவாகும். அதற்கு வெகு முன்பே பெட்ரோல் கணக்கில் தெரிந்துவிடும். அதனால் ஹைப்ரிட்டில் மைலேஜ் குறைந்தால் ‘வண்டிக்கு வயசாகிவிட்டது’ என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஓடோமீட்டரைப் பார்த்ததுமே ஒரு ஒர்க்‌ஷாப்பில், “ஹைப்ரிட் பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்றார்கள். ஸ்கேனர்கூடச் செருகவில்லை. வண்டியிலேயே விலை கூடிய பாகத்தை ஓடோமீட்டரை மட்டும் பார்த்து மாற்றச் சொன்னதுதான் என்னை முறையாக அளக்கத் தூண்டியது.

முதலில் அளவை ஒழுங்கு செய்தேன். காரின் திரை காட்டும் மைலேஜ் பெரும்பாலும் சில விழுக்காடு கூட்டியே காட்டும். எனவே டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி வரும் கணக்கு மட்டுமே எடுத்தேன். பம்ப்பின் குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும், கூட ஊற்றச் சொல்லக் கூடாது. ஒரு டேங்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பல டேங்குகளின் சராசரி வேண்டும்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கையும் இந்த வேலைக்காக ஓரம் வைத்தேன். அது கொஞ்சம் ஏமாற்றும். 22 என்பது 20 ஆனால் 100 கிலோமீட்டருக்கு 0.45 லிட்டர்தான் கூடுதல் செலவு. 18 என்பது 16 ஆனால் 0.69 லிட்டர். இரண்டும் ‘இரண்டு குறைந்தது’தான், நஷ்டம் ஒன்றல்ல. 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பார்த்தால் ஒவ்வொரு குறையையும் நேரடியாகக் கூட்டிக் கழிக்கலாம். என் வண்டி 4.5 லிட்டரிலிருந்து 5.7-க்குப் போயிருந்தது. ஆக, நான் தேட வேண்டியது 1.2 லிட்டர்.

ஓட்டும் விதம் மாறியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பயணங்கள் குறுகினால் ஹைப்ரிட்டின் மைலேஜ் கடுமையாக அடிவாங்கும், ஏனென்றால் எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். கடுங்குளிரில் குறுகிய நகரப் பயணங்கள் என்றால் மூன்றில் ஒரு பங்கு வரைகூட விழும். என் பாதையும் நேரமும் மாறவில்லை.

டயரில் தொடங்கினேன். காற்று நான்கிலும் குறைவு. ஒவ்வொரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறைவுக்கும் மைலேஜ் சுமார் 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. பெரிய தொகை இல்லை, ஆனால் காற்றடித்தால் தீர்ந்துவிடும். டயரில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. தேய்ந்த டயரின் சுற்றளவு சிறியது, அதனால் அது கூடுதலாகச் சுழலும், ஓடோமீட்டரும் கூடுதல் கிலோமீட்டர் காட்டும். டயரின் மேல்பட்டையான பட்டன் 8 மில்லிமீட்டரிலிருந்து 2-க்குத் தேய்ந்தால், 300 மில்லிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் அது 2 விழுக்காடு. புது டயர் போட்டதும் அந்தப் பொய் மைலேஜ் மறைந்துவிடும். போதாக்குறைக்கு, பட்டன் ஆழமாக இருக்கும்போது உருள்தடையும் அதிகம். புது டயர் போட்ட பிறகு மைலேஜ் குறைந்ததாகப் பலர் புலம்புவதற்குக் காரணம் இதுதான். நானும் புது டயர் போட்டிருந்ததால், என் 1.2 லிட்டரில் சுமார் 0.1 லிட்டர் இந்தக் கணக்கில் போனது, அது உண்மையில் தொலையவே இல்லை.

பெரிய திருடன் தெர்மோஸ்டாட். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் சின்ன வால்வு அது. காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி போர்ட்டில் ஒரு ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, கூலன்ட் வெப்பநிலையை போனில் ஓடவிட்டுப் பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொன்னேன். தெர்மோஸ்டாட் சாதாரணமாக 82 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறக்கத் தொடங்கும், அதற்குக் கீழே மூடியிருக்க வேண்டும். என்னுடையது மூடவே இல்லை. சமதளத்தில் 75-ஐத் தாண்டத் திணறியது. நீண்ட இறக்கத்தில் 60-க்குப் பக்கத்தில் இறங்கியது.

சாதாரண காரில் இதே கோளாறு இருந்தால் நஷ்டம் குறைவு, எஞ்சின் எப்படியும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஹைப்ரிட்டில் கதை வேறு. எஞ்சினை முழுதாக அணைக்க வேண்டுமானால் கூலன்ட் ஒரு குறைந்தபட்ச வெப்பத்தை எட்டியிருக்க வேண்டும், பல மாடல்களில் அது 70 டிகிரி வாக்கில் இருக்கும். அதற்குக் கீழே போனால், சிக்னலில் நிற்கும்போதுகூட எஞ்சின் தன்னைச் சூடேற்றிக்கொள்வதற்காகவே ஓடும். திறந்தபடி சிக்கிய தெர்மோஸ்டாட் இருந்தால் ஒரு சுழல் தொடங்கிவிடும். எஞ்சின் அணைகிறது, கூலன்ட் வேகமாகக் குளிர்கிறது, குளிர்ந்ததால் எஞ்சின் மறுபடி ஓடுகிறது. ஹைப்ரிட் மிச்சம் பிடிப்பதே எஞ்சினை அணைத்துவைத்துத்தான். அதையே இந்தச் சின்ன வால்வு கெடுத்துக்கொண்டிருந்தது. இதற்கென்றே பி0128 என்ற குறியீடு இருக்கிறது, ஆனால் என் வண்டியில் அது பதிவாகவே இல்லை. வெப்பம் ஏறத்தான் செய்தது, மெதுவாக ஏறியது. அது போதாது என்று கணினிக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

தெர்மோஸ்டாட்டையும் கூலன்ட்டையும் மாற்றி, காற்றுக் குமிழியைச் சரியாக வெளியேற்றிய பிறகு வெப்பநிலை 85-க்கும் 90-க்கும் நடுவில் நின்றது. சிக்னலில் மறுபடி அமைதி. அடுத்தடுத்த டேங்குகளில் 0.5 லிட்டர் திரும்பிவந்தது. மொத்தத் தேடலிலேயே மிக மலிவான பாகம் இதுதான்.

அப்புறம் பிரேக். ஹைப்ரிட்டில் பிரேக் பேட் தேயாமல் நெடுங்காலம் வரும் என்று பெருமையாகச் சொல்வோம். வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டார் மின்சாரமாக்கிவிடுவதால் அது உண்மைதான். ஆனால் பேட் தேயாததால், அதை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரை யாரும் கழற்றுவதே இல்லை. உள்ளிருக்கும் வழுக்குப் பின்கள் காய்ந்து துருவேறி, பேட் டிஸ்க்கை விட்டு முழுசாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிஸ்க்குகளையும் அளந்தேன். பின் சக்கரங்களில் ஒன்று மற்றவற்றைவிட 30 டிகிரிக்கு மேல் சூடு. ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றியபோது பாதிச் சுற்றிலேயே நின்றது. பின்களைச் சுத்தம் செய்து, அதற்கான சிலிக்கோன் கிரீஸ் போட்டு மாட்டினோம். அதோடு காற்றையும் வீல் அலைன்மென்ட்டையும் சரிசெய்ததில் 0.3 லிட்டர் திரும்பியது. இப்போது பேட் எவ்வளவு மீதமிருந்தாலும் ஒவ்வொரு பெரிய சர்வீஸிலும் காலிப்பரைக் கழற்றச் சொல்கிறேன்.

எஞ்சின் பக்கம் அதிகம் கிடைக்கவில்லை. நீண்டகால எரிபொருள் திருத்தம், அதாவது கணினி தன் கணக்குக்கு மேல் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ தெளிக்கும் அளவு, கூட்டல் 8 விழுக்காடு காட்டியது. இந்த எண்ணைப் பார்த்ததும் 8 விழுக்காடு பெட்ரோல் வீண் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. காற்று உள்ளே வரும் அளவைச் சென்சார் குறைத்துச் சொல்கிறது, கணினி வெளியேறும் புகையைப் பார்த்து அந்தத் தவறைத் திருத்துகிறது, அவ்வளவுதான். கடைசியில் எரியும் கலவை சரியான விகிதத்தில்தான் இருக்கிறது. காற்றளவுச் சென்சாரை அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் சுத்தம் செய்தேன், திருத்தம் 3-க்கு இறங்கியது, மைலேஜ் நகரவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலும் இந்த எண்ணைக் கூட்டல் பக்கம் தள்ளும். 10 விழுக்காடு எத்தனால் கலந்தால் பெட்ரோலின் ஆற்றல் சுமார் 3 விழுக்காடு குறையும். கார் புதிதாக இருந்தபோது நான் போட்டது கலப்பில்லாத பெட்ரோல், இப்போது கிடைப்பது கலந்தது. அந்த வகையில் 0.15 லிட்டர் போனது, அதை எந்த மெக்கானிக்காலும் மீட்க முடியாது. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், எஞ்சின் ஆயில் தரம் எல்லாம் சரியாகவே இருந்தன.

கடைசியில்தான் பேட்டரிக்கு வந்தேன், வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்தேன். மற்றவை சரியாகாமல் பேட்டரியை அளந்தால் என்ன பார்க்கிறோம் என்றே தெரியாது. இந்த வகை பேட்டரி எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டாம், மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் கார் நல்ல உதாரணம். மாட்யூல் எனப்படும் 7.2 வோல்ட் சின்ன பேட்டரிகள் 28, தொடராக இணைத்து 201.6 வோல்ட். கணினி அவற்றை இரண்டிரண்டாக 14 பிளாக்குகளாகக் கண்காணிக்கும். என் காரிலும் ஏறக்குறைய அதே அமைப்பு. மொத்த வோல்ட்டேஜைப் பார்த்து எதுவும் புரியாது. பிளாக்குகளுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் நிற்கும்போது அல்ல, ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏறும்போது. ஓய்வில் எல்லா பிளாக்கும் நல்ல பிள்ளையாகவே இருக்கும். சுமை ஏறும்போது உள்தடை கூடிய பிளாக் மட்டும் சரிந்து காட்டிக்கொடுக்கும்.

என்னுடையதில் பெரும்பாலான பிளாக்குகள் 0.3 வோல்ட்டுக்குள் ஒன்றாக நகர்ந்தன. ஒன்று மட்டும் அரை வோல்ட் வரை பின்தங்கியது. திரையில் சார்ஜ் கட்டைகள் முன்பைவிடச் சீக்கிரம் ஏறி, சீக்கிரம் இறங்குவதையும் பார்க்கிறேன். அதாவது கொள்ளளவு குறைந்திருக்கிறது. தேய்ந்திருக்கிறது, சாகவில்லை.

உண்மையான பிரச்சினை காற்றோட்டத்தில் இருந்தது. பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி பின் இருக்கைக்குப் பக்கத்திலுள்ள சல்லடை வழியாகக் கேபின் காற்றை இழுக்கிறது. அதன் வலையும் விசிறி இறக்கைகளும் பஞ்சுபோல் தூசி அடைத்துக் கிடந்தன. பேட்டரியின் வெப்பநிலை 40-களின் கடைசி டிகிரிகளில் ஓடிக்கொண்டிருந்தது. சூடு கூடினால் கணினி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும், பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியை வாங்காமலே விட்டுவிடும். சுத்தம் செய்ததும் 40-க்கு வந்தது. டேங்க் கணக்கில் பெரிதாகத் தெரியவில்லை என்றாலும், சூடுதான் இந்த பேட்டரிகளின் ஆயுளைத் தின்கிறது. பின் இருக்கையில் பை, துணி எதையும் அந்தச் சல்லடையை மறைத்து வைக்காதீர்கள். விசிறியைத் தொடுவதோடு நான் நிறுத்திக்கொண்டேன். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் இருக்கும் பக்கம் பயிற்சியும் காப்புக் கையுறையும் இல்லாதவர் கை வைக்கக் கூடாது.

பின்தங்கும் அந்த ஒரு பிளாக்கின் மாட்யூல்களை மட்டும் மாற்றலாம் என்று யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பழைய சட்டையில் புதுத் துணி ஒட்டுப்போட்டால் ஒட்டுக்குப் பக்கத்தில் கிழிவது போல, புது மாட்யூலோடு ஈடுகொடுக்க முடியாமல் அடுத்த பழையது விழும். விற்பதற்கு முன் ஒப்பேற்ற அது உதவலாம், வைத்து ஓட்டுகிறவருக்கு உதவாது.

இப்போது 100 கிலோமீட்டருக்கு 4.9 லிட்டர், அதாவது லிட்டருக்கு 20.4 கிலோமீட்டர். திரும்பாத 0.4 லிட்டரில் டயர் அளவும் எத்தனாலும் 0.25-ஐ விளக்கிவிடுகின்றன. மிச்சம் பேட்டரியின் வயது என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சின்ன மிச்சத்துக்காக முழு பேட்டரியை மாற்றினால் செலவு பெட்ரோலில் திரும்பி வரவே வராது.

பழைய ஹைப்ரிட் வாங்க நினைப்பவர்கள் ஓட்டிப் பார்க்கும்போது ஸ்கேனரை எடுத்துப்போங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சிக்னலில் அணையாமல் ஓடினால் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள், ஏற்றத்தில் பிளாக் வித்தியாசத்தைப் பாருங்கள். என் வண்டியில் ஒவ்வொரு சர்வீஸிலும் இந்த இரண்டையும் குறித்துவைக்கிறேன். ஒரு பிளாக் தொடர்ந்து 1 வோல்ட்டுக்கு மேல் பின்தங்கத் தொடங்கினால் முழுத் தொகுப்பையும் புதிதாகவே மாற்றுவேன். அதுவரை இதே பேட்டரிதான்.