மண் பரிசோதனைச் சேவை: மரம் வைப்பவருக்குப் போதுமா?

திருச்சி மாவட்டம் மணிகண்டம் பக்கத்தில் உள்ள எங்கள் நிலத்தில் வைத்த மாங்கன்றுகள் இரண்டாம் ஆண்டிலேயே இலை நுனி கருகி நின்றுவிட்டதால், மண்ணை ஓர் ஆய்வுக்கூடத்தில் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கட்டணம் ஒரு ஒட்டுக்கன்றின் விலைகூட இல்லை.

கார அமில நிலை (pH) 9.2, கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் 0.6 என்று, அதாவது காரம் மிகுதி, கரைந்த உப்பு குறைவு என்று அறிக்கை வந்தது. எல்லாவற்றையும் 'உப்பு மண்' என்றே சொல்லிப் பழகிய எங்களுக்கு, இது உவர் அல்ல, களர் என்று தெரிந்ததே பெரிய பயன். உவர் நிலத்தில் கரைந்து கிடக்கும் உப்பை நல்ல நீர் தேக்கி வடித்துவிடலாம். களரிலோ சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், ஜிப்சம் என்ற கால்சியம் சல்பேட்டின் கால்சியம் வந்து அதை இடம்பெயர்த்த பிறகுதான் நீரால் வெளியேற்ற முடியும். அங்கிருந்த உதவியாளர் என் மண்ணைக் கண்ணாடிக் குழாயில் குலுக்கி வைத்திருந்தார். பக்கத்துக் குழாயில் மண் படிந்து நீர் தெளிந்திருக்க, என்னுடையது மறுநாளும் பால் கலந்த தேநீர்போலக் கலங்கியே இருந்தது. அந்த மண்தான் மழைக்குப் பின் இறுகி, வேருக்குக் காற்றுப் போகாமல் அடைத்துவிடுகிறது.

நரம்பு பச்சையாகவும் மற்ற பகுதி மஞ்சளாகவும் வந்த இளந்தளிர்களைக் கண்டு தழைச்சத்துக் குறைவென்று யூரியா போட்டது என் தவறு. இவ்வளவு காரத்தில் அதில் கணிசமான பங்கு அமோனியாவாக ஆவியாகிவிடும்; உண்மையில் குறைந்தது இரும்பு. அது மண்ணில் இருந்தும் கரையாமல் கிடக்கிறது. இலைவழியாக இரும்பு சல்பேட் தெளிக்கச் சொன்ன பரிந்துரை பலித்தது.

குறை என்னவென்றால், இந்தச் சேவை முழுக்க நெல்லையும் கடலையையும் மனத்தில் வைத்தே அமைந்திருக்கிறது. அவர்கள் கேட்டது மேல் 15 செ.மீ. மண் மட்டும், ஜிப்சம் அளவும் அதற்கே கணக்கிடப்பட்டிருந்தது. பட்டுப்போன ஒரு கன்றின் அடியில் கடப்பாரையால் தோண்டியபோது, இரண்டரை அடியில் சுக்கான் என்ற இறுகிய சுண்ணாம்புக் கட்டி அடுக்கில் முட்டிய ஆணிவேர் வளைந்து பக்கவாட்டில் ஓடியிருந்தது. அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய நிலத்துக்கு, துளைப்பானால் அந்த அடுக்கையே ஊடுருவிக் குழியெடுத்து, ஜிப்சமும் தொழுவுரமும் கலந்த மண்ணை நிரப்பி நடும் முறையை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அதையாவது குறிப்பிட்டிருக்கலாம். களிமண்ணோடு ஒட்டியிருக்கும் சோடியத்தின் விழுக்காட்டை அளக்கத் தனிக் கட்டணம் என்பதையும் முன்பே சொல்லவில்லை.

இரண்டாம் முறை 30, 60, 90 செ.மீ. ஆழ மண்ணைத் தனித்தனிப் பைகளில் கட்டி, 'மரப்பயிர்' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொண்டாலும், ஒவ்வொரு அடுக்குக்கும் தனி அளவு கிடைத்தது. அதைப் பார்த்த பிறகு, களரைத் தாங்காத மாமரங்களைப் பாதியாகக் குறைத்து, நெல்லியும் சப்போட்டாவும் வைத்திருக்கிறோம்.