அழுத்தும் விசையும் தொடும் திரையும்: இரண்டிலும் தமிழ் எழுதிப் பார்த்த பின்

விசைகள் பதித்த கைபேசியா, முழுத் தொடுதிரையா என்ற கேள்வி, கைபேசியில் படிப்பதற்கு ஈடாக எழுதவும் செய்கிறவர்களுக்கு மட்டுமே இன்னும் பொருட்டாக இருக்கிறது. மற்றவர்களைப் பொறுத்தவரை விடை எப்போதோ முடிவாகிவிட்டது. 2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், அன்றைய ஸ்மார்ட்போன்களின் கீழ்ப்பகுதியில் நிலையாகப் பதிந்திருந்த பிளாஸ்டிக் விசைகளையே பெருங்குறையாகச் சுட்டினார். செயலிக்குச் செயலி மாற வேண்டிய பொத்தான்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கின்றன என்பது அவருடைய வாதம். 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான எச்டிசி ட்ரீம், இழுத்துத் திறக்கும் விசைப்பலகையோடுதான் வந்தது. ஆண்ட்ராய்டில் திரைக் கீபோர்டு சேர்ந்ததே அடுத்த ஆண்டு 1.5 பதிப்பில்தான். அதற்குப் பின் நடந்தது எல்லோரும் அறிந்ததே. விசைகள் பதித்த கைபேசிகளுக்குப் பெயர்போன பிளாக்பெர்ரியின் பழைய இயங்குதளங்களுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டபோது, அதைச் செய்தியாகப் படித்தவர்களே மிகுதி, பாதிக்கப்பட்டவர்கள் குறைவு.

திரைக்குக் கீழே விசைகள் கொண்ட ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றைச் சில ஆண்டுகள் என் முதன்மைக் கைபேசியாக வைத்திருந்தேன். பிறகு முழுத் தொடுதிரைக்கு மாறி, அதிலும் சில ஆண்டுகள் ஆகின்றன. மின்னஞ்சல்களும் கட்டுரை வரைவுகளும் திருத்த வேலைகளுமாக, பெரும்பகுதி தமிழிலும் சிறுபகுதி ஆங்கிலத்திலும் எழுதுகிறேன். ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவனாக இருந்திருந்தால் விசைகளை விட்டு வந்திருக்கவே மாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விசைகளின் பெரும் வசதி, கண்ணுக்குக் கிடைக்கும் ஓய்வு. விளிம்பு சற்றே உயர்ந்த விசைகளைக் கட்டைவிரல் தடவியே கண்டுகொள்வதால், எழுதும்போது பார்வை முழுவதும் வாக்கியத்தின் மேலேயே நிற்கும். தொடுதிரையில் விரலுக்கு எல்லை தெரியாததால் பார்வை கீழும் மேலுமாக அலைந்தபடியே இருக்கும். பிழைகளின் தன்மையும் வேறு. விசையில் நேர்வது பெரும்பாலும் பக்கத்து எழுத்து விழும் பிழை. திரும்பப் படிக்கும்போது அது உடனே உறுத்தும். தொடுதிரையில் நேர்வதோ, எழுத்துகள் எல்லாம் சரியாக அமைந்த வேறொரு சொல் வந்து உட்கார்ந்துகொள்வது. பார்வைக்கு ஒழுங்காக இருப்பதால் அனுப்பிய பின்பே கண்ணில் படும்.

வேகத்தில் பெரிய வேறுபாடு இருப்பதாக நான் உணரவில்லை. ஆல்டோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களும் ஈடிஎச் ஜூரிச்சும் இணைந்து 37,000 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், கைபேசித் தட்டச்சின் சராசரி நிமிடத்துக்கு 36.2 சொற்களாக இருந்தது. இரண்டு கட்டைவிரல்களால் அடித்தவர்கள் 38ஐத் தொட்டார்கள். கணினி விசைப்பலகையின் சராசரியே 52தான் என்பதால், வெறும் கண்ணாடியில் தட்டுவதற்கு இது நல்ல வேகம். தானியங்கித் திருத்தம் வேகத்தைக் கூட்டுகிறது, பரிந்துரைச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது வேகத்தைக் குறைக்கிறது என்றும் அந்த ஆய்வு காட்டியது. ஆனால் அது ஆங்கில வாக்கியங்களை வைத்து நடந்தது. தமிழ் எழுதும்போது இந்த இரண்டு முடிவுகளும் என் கையில் தலைகீழாயின.

காரணம் எளியது. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்தும்’ போன்ற வடிவங்கள் நாம் அன்றாடம் எழுதுபவை; இவை அத்தனையையும் எந்தச் சொற்பட்டியலும் அடக்கிவிட முடியாது. பட்டியலில் இல்லாததைப் பிழை என்று கருதும் தானியங்கித் திருத்தம், சரியாக அடித்த வினைமுற்றைத் தனக்குத் தெரிந்த வேறொன்றாக மாற்றி வைத்துவிடும். பரிந்துரைப் பட்டையின் கதை வேறு. நீண்ட சொல்லின் முதல் நான்கைந்து எழுத்துகளைக் கொடுத்தவுடன் பாதிச் சொல்லாவது கிடைத்தால், அதைப் பார்க்கச் செலவிடும் நொடிக்கு ஈடாகிவிடுகிறது.

விசைகள் கொண்ட கைபேசியில் தமிழ் எழுதுவதில் இருந்த உண்மையான இடர், விசைகளின் எண்ணிக்கை. தமிழ்99 விசையமைப்பு 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளைக் கேட்கிறது. கைபேசியில் எழுத்துகளுக்கென இருப்பவை 26. கணினியில் அடைப்புக்குறிகள், அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சாய்கோடு ஆகியவற்றின் விசைகளில் அமர்ந்திருக்கும் ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்துக்கும் அங்கே இடமே கிடையாது. ச இல்லாமலும் ய இல்லாமலும் தமிழ் எழுத முடியாது என்பதால் ஆங்கில எழுத்துகளில் ஒலியை அடித்தால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு முறைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அதிலும் ள, ண, ற ஆகியவற்றுக்கு ஷிப்ட் விசை வேண்டும். ‘வெள்ளி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்99இல் வ, எ, ள, ள, இ என்று ஐந்து தட்டல்கள். முதல் ளகரத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ஒலிபெயர்ப்பில் ஐந்து ஆங்கில எழுத்துகளோடு இரண்டு முறை ஷிப்டும் சேர்ந்து ஏழு. ஒரு சொல்லில் இது பொருட்டில்லை. ஒரு பத்தி முடிவதற்குள் கட்டைவிரல் கணக்குக் கேட்கத் தொடங்கிவிடும்.

இதற்கு மேல் மென்பொருள் சிக்கலும் இருந்தது. தமிழ்க் கீபோர்டு செயலிகள் பல, தாம் திரையில் வரையும் பொத்தான்களுக்கு மட்டுமே பொறுப்பேற்கின்றன. பருப்பொருளான விசையை அழுத்தினால் ஆங்கில எழுத்து அப்படியே திரையில் விழும். விசைகளை மதிக்கும் செயலியைத் தேடிப் பிடித்தாலும், அடுத்த புதுப்பிப்பில் அந்த வசதி நிற்குமா என்ற ஐயம் கூடவே இருந்தது. ஜாப்ஸின் வாதம் எனக்குப் புரிந்தது இங்கேதான்: தொடுதிரை, தேவைப்பட்டால் 31 விசைகளையும் வரைந்து தருகிறது, ஆங்கிலத்துக்கு மாறியவுடன் 26க்குத் திரும்பிவிடுகிறது.

விசைகள் திரையின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்று சொல்லப்படுவதில் பாதி மட்டுமே உண்மை. பிளாக்பெர்ரி கீ2 போன்ற கைபேசிகளின் 4.5 அங்குலத் திரை 3:2 விகிதத்தில் இருப்பதால் அதன் உயரம் சுமார் 3.7 அங்குலம். 20:9 விகிதமுள்ள 6.5 அங்குலத் திரை ஏறத்தாழ 5.9 அங்குல உயரம் கொண்டது. அதில் கீபோர்டு எழுந்தவுடன் எஞ்சுவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எழுதும் நேரத்தில் இரண்டிலும் ஒரே அளவு பத்திதான் கண்ணுக்குத் தெரிகிறது. எழுதாத நேரத்தில், குறிப்பாகக் காணொளிக்கும் நிலப்படத்துக்கும், பெரிய திரை வென்றுவிடுகிறது.

திருத்த வேலையில் விசைகளுக்கு நான் இன்றும் கூடுதல் மதிப்பெண் தருவேன். என் கைபேசியில் விசைகளின் மேற்பரப்பே தொடு உணர்வு கொண்டதாக இருந்ததால், அவற்றின் மேல் விரலை இழுத்தே கர்சரை நகர்த்த முடிந்தது. விரல் எழுத்தை மறைக்காது. இப்போது இடைவெளிப் பட்டையின் மேல் விரலை வைத்து நகர்த்தும் வசதி தொடுதிரையிலும் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அது துல்லியமாக நிற்கிறது. தமிழில் ‘கொ’ என்பதன் மூன்று உருவங்களையும் கர்சர் ஒரே தாவலில் கடப்பதால், எங்கே நிறுத்துகிறோம் என்பதற்குச் சற்றுப் பழக்கம் வேண்டும்.

தேய்மானத்தில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. ஓராண்டு கடந்ததும் என் கைபேசியின் இடைவெளி விசை ஒரு அழுத்தத்துக்கு இரண்டு இடைவெளிகளைத் தரத் தொடங்கியது. அழுத்தமூட்டிய காற்றால் தூசியை ஊதிய பின் சில வாரங்கள் ஒழுங்காக இருக்கும், மீண்டும் அதே கதை. உதிரிப் பாகமும் கிடைக்கவில்லை, மென்பொருள் புதுப்பிப்பும் நின்றுபோனது. ஈரக் கையோடும் கையுறையோடும் அடிக்க முடிந்ததை மட்டும் இன்றும் இழப்பாகவே நினைக்கிறேன்.

இப்போது தொடுதிரையில் தமிழ்99 வைத்துக்கொண்டு, தமிழுக்குத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, பரிந்துரைப் பட்டையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். ஆங்கிலத்துக்கு இரண்டும் இயங்குகின்றன. நீண்ட வரைவுகளுக்கு முழு அளவுப் புளூடூத் விசைப்பலகை ஒன்று உண்டு. விசைகள் பதித்த கைபேசிதான் வேண்டும் என்பவர்களுக்கு யூனிஹெர்ட்ஸின் டைட்டன் வரிசையும், ஐபோனில் மாட்டிக்கொள்ளும் கிளிக்ஸ் உறையும் இருக்கின்றன. வாங்குவதாக இருந்தால், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தமிழ்க் கீபோர்டு செயலி அதன் விசைகளை ஏற்றுக்கொள்கிறதா என்று யாராவது ஒருவரின் கைபேசியில் ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று அடித்துப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.