ஸ்டண்ட் பைக்கின் பின் டயர்: டூரிங்கா, ஸ்போர்ட்டா?

ஹோண்டா எஃப்4ஐ, கவாசாகி 636 இரண்டுமே ஸ்டண்ட் ஓட்டுபவர்களின் பழைய செல்லங்கள். இரண்டுக்கும் பின்னால் 180/55 அளவு, 17 அங்குல டயர்தான். அதில் எந்த ரகத்தைப் போடுவது?

மென்மையான ரப்பர் கொண்ட ஸ்போர்ட் டயர் தரையைக் கவ்விப் பிடிக்கும். ட்ராக்கில் அது வரம். பர்ன்அவுட்டில், அதாவது வண்டியை நிறுத்தியபடி பின் சக்கரத்தை மட்டும் சுழலவிடும்போது, அதுவே தொல்லை: வழுக்க மறுக்கும், கிளட்ச் சூடாகும், ரப்பரும் மளமளவென்று கரையும். நெடும்பயணத்துக்கும் ஏற்ற ஸ்போர்ட் டூரிங் டயரின் நடுப்பகுதி கெட்டி. எளிதாகச் சுழலும், நின்று உழைக்கும். பல மாடல்களில் ஓரங்களில் மட்டும் மென்மையான ரப்பர் இருப்பதால் வளைவிலும் கைவிடாது. பின்னால் டூரிங்தான் போட வேண்டும், எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

முன் சக்கரம் வேறு கதை. பிரேக் பிடித்துப் பின் சக்கரத்தைத் தூக்கும் ஸ்டாப்பியில் மொத்த எடையும் அதன் மேல் விழுகிறது. அங்கே நல்ல ஸ்போர்ட் டயரே வேண்டும், காசு பார்க்காதீர்கள்.

அப்புறம் காற்று. முன் சக்கரத்தைத் தூக்கி மெதுவாக ஓட்டும் வீலிக்காகப் பின் டயரில் காற்றை நன்றாகக் குறைப்பார்கள். தரையில் படும் பரப்பு கூடி வண்டி நிலையாக நிற்கும். ஆனால் அதே குறைந்த காற்றில் நீண்ட பர்ன்அவுட் செய்தால் டயரின் உட்கூடு கொதித்துப்போகும். காற்றை ஏற்றிவிட்டுச் செய்யுங்கள், அதுவும் மூடிய மைதானத்தில் மட்டும். ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் நூலிழை தெரிந்தால் அந்த டயரோடு சாலைக்கு வராதீர்கள்.