பைனரி தரவுக்குப் பொதுவான ஸ்கீமா: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

நெட்வொர்க்கில் செல்லும் பைனரி தரவின் அமைப்பை ஒரே ஸ்கீமா கோப்பில் எழுதி, அனுப்பும் நிரலும் பெறும் நிரலும் அதையே பகிர்ந்துகொள்ளும் முறையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இம்முறையில் இயங்கும் கருவிகளில், உடனடிப் பரிமாற்றத்துக்குப் புரோட்டோபஃப், சேமித்துவைக்கும் தரவுக்கு ஆவ்ரோ என்பது என் வழக்கம். பைட்டுகள் மிச்சமாகும் என்பதற்காகவே பலரும் இவற்றை நாடுகிறார்கள். எப்போதோ எழுதிய பைட்டுகளை இன்றைய நிரலும் தடையின்றிப் படிக்கிறது என்பதே எனக்குப் பெரிய பலனாகத் தெரிகிறது.

சி மொழியின் ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளின் தொகுப்பை) அப்படியே சாக்கெட்டில், அதாவது நெட்வொர்க் இணைப்பில், எழுதினால், பைட் வரிசையும் கம்பைலர் இடையில் செருகும் நிரப்பு பைட்டுகளும் கணினிக்குக் கணினி வேறுபடும். இது பழைய சிக்கல்தான். 1987-இல் வெளிவந்த எக்ஸ்டிஆர் என்ற தரவுக் குறியீட்டுத் தரம், எல்லாவற்றையும் 4 பைட்டின் மடங்குகளாக்கி இதற்கு விடை கண்டது.

கூகுள் 2008-இல் பொதுவெளிக்குத் தந்த புரோட்டோபஃபில், புலத்தின் (செய்தியிலுள்ள ஒவ்வொரு தரவுக் கூறின்) பெயர் தரவோடு செல்வதில்லை. ஸ்கீமாவில் அதற்குக் கொடுத்த எண்ணும், 3 பிட்டில் அடங்கும் வகைக் குறியும் மட்டுமே செல்கின்றன. எண் 1 முதல் 15 வரை இருந்தால் இவ்விரண்டுக்கும் சேர்த்து ஒரு பைட், 16 முதல் 2047 வரை இரண்டு பைட் என்பதால், அடிக்கடி வரும் புலங்களுக்குச் சிறிய எண்களை ஒதுக்குவது நல்லது. பெயரை மாற்றினால் பைனரி வடிவத்துக்குப் பாதிப்பில்லை. ஆனால் நீக்கிய புலத்தின் எண்ணை அதே வகையிலான வேறொரு புலத்துக்குக் கொடுத்துவிட்டால், பழைய நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் தவறான பொருளில் படித்துக்கொண்டே போகும். ஆகவே நீக்கிய எண்களை ‘ரிசர்வ்டு’ (மறுபடி பயன்படுத்தக் கூடாதவை) என்று அறிவிப்பதை விருப்பத்துக்கு விடாமல் கட்டாய விதியாக வைத்திருக்கிறேன். எதிர்மறை எண்கள் வரக்கூடிய இடத்தில், முழு எண் வகைகளுள் ‘சின்ட்32’ வகையே ஏற்றது. ‘இன்ட்32’ வகையில் -1 என்ற மதிப்புக்கே 10 பைட் பிடிக்கும், சின்ட்32-இல் ஒரு பைட் போதும். மூன்றாம் பதிப்பின் இலக்கணத்தில், அளவீடு 0 என்பதையும் அளவீடே வரவில்லை என்பதையும் பிரித்தறிய ‘ஆப்ஷனல்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டியிருப்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான். இன்னொன்று, புரோட்டோபஃப் செய்தி தன் நீளத்தைத் தானே சொல்வதில்லை. பைட்டுகள் ஒரே ஓட்டமாக வரும் டிசிபி நெட்வொர்க் இணைப்பில், நீளத்தை நாமே முன்னால் எழுத வேண்டும்.

ஆவ்ரோவில் புல எண்கூடக் கிடையாது. மதிப்புகள் ஒன்றையடுத்து ஒன்றாக வருவதால், எழுதியவரின் ஸ்கீமா கையில் இல்லாமல் எதையும் நம்பிப் படிக்க முடியாது. ஆவ்ரோ கோப்பில் அது தலைப்பகுதியிலேயே இருக்கும். காஃப்கா என்ற செய்திப் பரிமாற்ற அமைப்பின் செய்திகளில், கான்ஃபுளுவென்ட் நிறுவனத்தின் வழக்கப்படி ஒரு பூச்சிய பைட்டும் ஸ்கீமாக்களைச் சேமித்துவைக்கும் பதிவேட்டில் அந்த ஸ்கீமாவுக்குரிய 4 பைட் அடையாள எண்ணும் முன்னால் நிற்கும். முழு ஸ்கீமாவுக்குப் பதில் 5 பைட் போதும் என்பது அருமையான சிக்கனம். ஆனால் பதிவேடு தொலைந்தால், சேமித்த தரவு முழுவதும் பொருளற்ற பைட்டுகளாகிவிடும். தரவை விடவும் பதிவேட்டைக் கவனமாகக் காப்புநகல் எடுக்கச் சொல்வேன்.

பிழைதேடலில், நெட்வொர்க் தரவை ஆராயும் வயர்ஷார்க் கருவிக்குப் புரோட்டோ கோப்புகளை (புரோட்டோபஃப் ஸ்கீமாக்களை)க் காட்டிவிட்டால் புலங்கள் பெயரோடு தெரியும். கோப்பு இல்லையென்றால் எண்களும் ஊகமுமே மிஞ்சும். ஏனெனில் சரமும் (எழுத்துத் தொடரும்) உள்செய்தியும் ஒரே வகைக் குறியைக் கொண்டவை.

ஏற்கெனவே வேறொருவர் வகுத்த பைனரி வடிவத்தை விவரிக்கப் புரோட்டோபஃபும் ஆவ்ரோவும் உதவா, ஏனெனில் இரண்டும் தத்தம் குறியீட்டு முறையையே திணிப்பவை. அத்தகைய வடிவங்களைப் படிக்க, யாமல் என்ற எளிய உரை வடிவக் கோப்பில் அமைப்பை எழுதிப் பல மொழிகளுக்கு நிரல் பெறும் கைட்டாய் ஸ்ட்ரக்டைப் பயன்படுத்துகிறேன்.